தனிக்கலைஞரும் கூட்டுக்களமும்: சுயாதீனச் சித்திரக்கதை இயக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைஞன் தனித்திருந்து படைப்பவன் என்னும் எண்ணம் கலை விமர்சனத்தில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. சித்திரக்கதைத் துறையைப் பொறுத்தவரை இவ்வெண்ணத்துக்கு ஒரு தனியான வரலாற்றுப் பின்னணி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே சித்திரக்கதை ஒரு கைத்தொழிற் பண்டமாகவே உற்பத்தி செய்யப்பட்டது. கதையை எழுதுபவர் ஒருவர். பென்சிலால் வரைபவர் வேறொருவர். அதன்மேல் மை தீட்டுபவர், எழுத்துப் பொறிப்பவர், நிறமூட்டுபவர் எனப் பலர். வேலைப்பிரிவினை இவ்வாறு நுணுகியிருந்தபோதும், படைக்கப்பட்ட பாத்திரங்களின் உரிமை இவர்களுள் எவரிடமும் இருக்கவில்லை. அது பெரும்பாலும் வெளியீட்டு நிறுவனத்தையே சேர்ந்தது. இந்நிலைக்கு எதிரான குரலாகவே அங்கு சுயாதீனச் சித்திரக்கதை தோன்றிற்று. எழுதுவதும் வரைவதும் ஒரே கையாக இருத்தல் வேண்டும், படைப்பின் உரிமையும் அக்கைக்கே உரியதாதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கோரிக்கையாகும்.

ஆகவே, சுயாதீனம் என்பது தனிமை என விளங்கிக்கொள்ளப்பட்டமை இயல்பானதே. ஆயின், வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோருக்கு இதற்கு மாறான ஓர் உண்மை புலனாகும். சுயாதீனச் சித்திரக்கதை எங்கெங்கு தழைத்ததோ அங்கெல்லாம் அதன் பின்னணியில் ஒரு கூட்டு ஏற்பாடு இருந்துள்ளது. அது ஒரு மண்டபமாக இருக்கலாம். பலர் கூடியிருந்து வரையும் ஒரு பணியறையாக இருக்கலாம். முறைவைத்து ஆசிரியப் பொறுப்பேற்கும் ஒரு தொகுப்பிதழாக இருக்கலாம். தனியே வரைய விரும்பியவர்கள் ஏன் ஒன்றுகூட நேர்ந்தது? அவ்வாறு கூடியபோது அவர்களது சுயாதீனம் வளர்ந்ததா, தேய்ந்ததா? சித்திரக்கதை விமர்சனம் இவ்வினாக்களை உரிய அளவுக்கு எழுப்பவில்லை என்றே கூறுதல் வேண்டும். படைப்பின் கோட்டையும் கதையையும் ஆராய்வோர், அப்படைப்பு எந்த மேசையிலிருந்து வாசகனின் கைக்கு வந்தது என்பதை ஒரு புறச்செய்தியாகவே கருதி விட்டுவிடுகின்றனர்.

வால்டர் பெஞ்சமின் 1934 ஆம் ஆண்டில் எழுதிய ‘உற்பத்தியாளனாக ஆசிரியன்’ எனும் கட்டுரையில், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தியுறவுகளைப் பற்றி என்ன கருத்துக் கொண்டுள்ளது என்பதற்கு முன்னதாக, அவ்வுறவுகளுக்குள்ளே அது எவ்விடத்தில் நிற்கிறது என்பதைக் கேட்டல் வேண்டும் என்று வற்புறுத்துவார். பின்னாளில், 1982 இல், சமூகவியலாளரான ஹவார்ட் பெக்கர் ‘கலை உலகங்கள்’ என்ற தமது நூலில், எந்தக் கலைப்படைப்பும் பலரது ஒத்துழைப்பின் விளைவே என நிறுவினார். இவ்விரு நோக்குகளையும் அடியொற்றி, சான் பிரான்சிஸ்கோ, டோக்கியோ, பாரிஸ் ஆகிய மூன்று நகரங்களிலே தோன்றிய மூன்று கூட்டுமுயற்சிகளை ஈண்டு ஒப்புநோக்கலாம். இவை ஒவ்வொன்றையும் குறித்து மூன்று வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். உள்ளே வர இடம்பெறுபவர் யார்? முடிவெடுப்பவர் யார்? உழைப்பின் சுமையைத் தாங்குபவர் யார்?

முறைவைத்து ஆளும் ஆசிரியத்துவம்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே ‘தலைமறைவு’ச் சித்திரக்கதைகள் என வழங்கிய இதழ்கள் பெருகின. 1968 இல் றொபேட் கிரம்ப் வெளியிட்ட ‘சாப்’ இவற்றுள் புகழ்பெற்றது. பெருநிறுவனங்களின் கட்டுப்பாட்டையும், 1954 முதல் நடைமுறையிலிருந்த தணிக்கை விதிகளையும் இவ்விதழ்கள் புறக்கணித்தன. எனினும் இவ்விடுதலை எல்லோருக்கும் உரியதாய் அமையவில்லை. தொகுப்பிதழ்களில் யாரைச் சேர்ப்பது என்பது நண்பர் குழாத்தின் தீர்மானமாக இருந்தது; அக்குழாம் பெரும்பாலும் ஆடவரைக் கொண்டதாக இருந்தது. பெண்களை இழிவுபடுத்தும் சித்திரிப்புகளும் அவற்றில் மலிந்திருந்தன. பழைய நிறுவனத்தின் கதவு உடைக்கப்பட்டதும் புதிதாக ஒரு கதவு பொருத்தப்பட்டது எனலாம்.

இச்சூழலிலேதான் 1970 இல் டிரினா றொபின்ஸ் முதலியோர் பெண்கள் மட்டுமே வரைந்த ஒரு சித்திரக்கதை இதழை வெளிக்கொணர்ந்தனர். அதன் தொடர்ச்சியாக 1972 இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘விமன்ஸ் கொமிக்ஸ்’ என்னும் தொகுப்பிதழ் ஒரு கூட்டுக்குழுவினால் தொடங்கப்பட்டது. அது 1992 வரை, இடைவெளிகளோடு எனினும், பதினேழு இதழ்கள் வெளிவந்தது. இக்குழுவின் அமைப்பிலே விமர்சகர் கருத்திற் கொள்ளவேண்டிய சிறப்பு ஒன்றுண்டு. நிரந்தர ஆசிரியர் என எவரும் இருக்கவில்லை. ஆசிரியப் பொறுப்பு இதழுக்கு இதழ் கைமாறிற்று. அறிமுகமற்ற புதியவர்கள் அனுப்பும் ஆக்கங்களுக்கும் இடம் அளிக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு உள்ளடக்கத்தை எவ்வாறு பாதித்தது என்பதை முதல் இதழே காட்டும். அலீன் கொமின்ஸ்கி அவ்விதழில் ‘கோல்டி’ என்ற பாத்திரத்தின் மூலம் தம் சொந்த வாழ்வையே வரைந்தார். பெண்ணொருவர் வரைந்த தன்வரலாற்றுச் சித்திரக்கதைகளின் தொடக்கமாக இது பெரிதும் கருதப்படுகிறது. அதே இதழில் கருச்சிதைவைப் பற்றிய ஆக்கமும், தன்பாலின விருப்புடைய ஒரு பெண்ணைப் பற்றி றொபின்ஸ் வரைந்த ஆக்கமும் இடம்பெற்றன. ஆசிரியர் ஒருவரின் ரசனைக்கு அஞ்சவேண்டிய தேவை இல்லாதபோது சொல்லத்தயங்கிய பொருள்கள் மேலெழுந்தன. கோடு செப்பமாக அமையாத ஆக்கங்களும் இவ்விதழ்களில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்செப்பமின்மை புதிய பொருளுக்காகச் செலுத்தப்பட்ட விலையென்றே கொள்ளத்தகும்.

கூட்டுக்களம் ஒன்று அமைந்தவுடன் முரண்பாடுகள் மறைந்துவிடும் என எண்ணுவது பேதைமை. றொபின்ஸின் ஆக்கத்தைப் படித்த மேரி விங்ஸ், அவ்வாழ்வை வாழாத ஒருவர் அதனை வெளியிலிருந்து வரைந்திருப்பதாகக் கண்டு, 1973 இல் தாமே ஒரு முழு இதழை வரைந்து வெளியிட்டார். கொமின்ஸ்கியும் டயேன் நூமினும் குழுவுடன் கருத்து வேறுபட்டு 1976 இல் வேறோர் இதழைத் தொடங்கினர். இவற்றைத் தோல்வியின் அடையாளங்களாகச் சிலர் காட்டக்கூடும். ஆயின் ஒரு களம் தன்னை மறுத்துரைக்கும் ஆக்கங்களையும் பிறப்பித்தது என்பது அதன் உயிர்ப்புக்கே சான்றாகும்.

மண்டபம் என்னும் அமைப்பு

யப்பானிய அனுபவம் முற்றிலும் வேறுவகையானது. அங்கு ‘மங்கா’ எனப்படும் சித்திரக்கதை வெகுசன வாசிப்பின் நடுநாயகமாக விளங்கிற்று. 1964 இல் நகாய் கட்சுஇச்சி ‘கரோ’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, பெருஞ்சஞ்சிகைகள் ஏற்காத படைப்பாளிகளுக்கு இடமளித்தார். 1967 இல் தெசூகா ஒசாமுவின் நிறுவனம் ‘கொம்’ என்ற சஞ்சிகையை வெளியிட்டது. அதில் நாடெங்குமுள்ள கற்றுக்குட்டி ஓவியர்களையும் அவர்களது சிறு வட்டங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பகுதியொன்று இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அச்சஞ்சிகை நின்றுபோனதும், வட்டங்கள் எஞ்சின. அவற்றை இணைத்த இழை அறுந்தது.

இவ்வெற்றிடத்தை நிரப்பியவர்கள் வரைஞர்களைக் காட்டிலும் விமர்சகர்களே என்பது சிந்திக்கத்தக்கது. ‘மெய்க்கியூ’ என்பது மங்கா விமர்சனத்துக்காக அமைந்த ஓர் இளைஞர் வட்டம். அக்காலத்தில் நடைபெற்றுவந்த மங்கா மாநாடொன்றை விமர்சித்தமைக்காக, 1975 இல் ஒருவருக்கு அதிற் பங்குகொள்ளும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. விமர்சித்தவரை வெளியே நிறுத்தும் மாநாட்டுக்கு மாற்றாக எவரையும் வெளியே நிறுத்தாத ஒரு களம் வேண்டும் என மெய்க்கியூ வட்டத்தினர் முடிவு செய்தனர். அவ்வாண்டு டிசெம்பர் 21 ஆம் திகதி டோக்கியோவின் தொரனொமொன் பகுதியில் ஒரு மண்டபத்திலே முதலாவது ‘கொமிக் மார்க்கெட்’ கூடிற்று. கலந்துகொண்ட வட்டங்கள் 32. வந்தோர் ஏறத்தாழ 700 பேர். அவர்களுட் பெரும்பான்மையினர் ஹகியோ மொட்டோ முதலிய பெண் படைப்பாளிகளின் மங்காக்களை விரும்பிப் படித்த பள்ளி மாணவியர். துணிந்து கூறுவதாயின், உலகின் மிகப் பெரிய சித்திரக்கதைக் கூடலுக்கு அடித்தளம் இட்டவர்கள் விமர்சகர் சிலரும் மாணவியர் பலருமே ஆவர்.

இக்கூடல் 1981 இல் ஹருமி மண்டபத்துக்கும், 1996 இல் டோக்கியோ பிக் சைட் என்னும் பெருங்கண்காட்சி மண்டபத்துக்கும் இடம்பெயர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மாரியிலும் நடைபெற்று, மூன்று நாட்களில் 35,000 வரையான வட்டங்கள் தம் வெளியீடுகளை விற்கும் அளவுக்கு விரிந்தது. இத்துணைப் பெருக்கத்திலும் அதன் அடிப்படைக் கோட்பாடு எழுத்தளவில் மாறவில்லை. ‘வாடிக்கையாளர்’ என எவரும் அங்கு இல்லை என்பதே அக்கோட்பாடு. மேசைக்குப் பின்னால் இருப்பவரும், மேசைக்கு முன்னால் நிற்பவரும், வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டரும் ‘பங்குபற்றுவோர்’ என்ற ஒரே பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். விண்ணப்பங்கள் இடத்தை விஞ்சும்போது யாருக்கு மேசை கிடைக்கும் என்பது பெரிதும் சீட்டுக் குலுக்கலால் முடிவாகிறது. ஆக்கத்தின் தரம் அளக்கப்படுவதில்லை. 1980 முதல் 2006 இல் மறையும் வரை இதன் தலைமைப் பொறுப்பை வகித்த யொனெசாவா யொஷிஹிரோ தாமே ஒரு மங்கா விமர்சகர். இருந்தும், தரத்தை நிறுக்கும் தராசை மண்டப வாயிலில் வைக்க அவர் முற்படவில்லை. இதனை அவரது முரண்பாடு எனக் கொள்வதிலும் பார்க்க, விமர்சனத்தின் இடம் எது என்பது பற்றிய தெளிவு எனக் கொள்வதே பொருந்தும். ஆக்கம் வெளிவந்தபின் மதிப்பிடுவது விமர்சனம். வெளிவருமுன் தடுப்பது அதிகாரம்.

இங்கு விற்கப்படும் ‘டொஜின்ஷி’ எனும் சுயவெளியீடுகளிற் பெரும்பகுதி, ஏற்கெனவே புகழ்பெற்ற பாத்திரங்களை எடுத்து மறுபடி வரைந்தவை. இதனைப் போலச்செய்தல் என ஒதுக்குவோர் உளர். இவ்வொதுக்கல் முற்றிலும் நியாயமானதன்று. தமக்கு வழங்கப்பட்ட கதையை வாங்கிப் படிப்பதோடு அமையாது, அதன் முடிவை மாற்றியும், அதிலே சொல்லாது விடப்பட்டதைச் சொல்லியும் வாசகர்கள் எதிர்வினையாற்றுகின்றனர். நுகர்வோன் உற்பத்தியாளனாக மாறும் கணம் இது. எனினும் பிறர் பாத்திரங்களின்மேல் கட்டப்பட்ட சுயாதீனம் அவர்தம் பொறுமையிலேயே தங்கியுள்ளது. பதிப்புரிமை உடையோர் கண்டுங்காணாதிருக்கும்வரை மட்டுமே இவ்வெளியீடுகள் நிலைக்கும். 1999 இல் இவ்வகை வெளியீடொன்றுக்காகப் பெண்ணொருவர் கைதுசெய்யப்பட்டபோது அப்பொறுமையின் எல்லை வெளிப்பட்டது. 1984 இல் டோக்கியோவிலேயே தொடங்கிய ‘கொமித்தியா’ என்னும் கூடல், சொந்தப் படைப்புகளை மட்டுமே அனுமதிப்பது எனத் தீர்மானித்தமையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். ஒன்று கதவை அகலத் திறந்தது. மற்றது கதவைச் சற்று ஒடுக்கி, உள்ளிருப்போரின் உரிமையை உறுதிசெய்தது.

சங்கம் என்னும் பதிப்பகம்

பிரான்சில் சித்திரக்கதை மதிப்புக்குரிய கலையாகப் பல பத்தாண்டுகளாகவே ஏற்கப்பட்டுள்ளது. அங்குலேம் நகரின் விழா 1974 இல் தொடங்கியது. ஆயின் மதிப்பு வந்த வழியே ஒரு வார்ப்பும் வந்துசேர்ந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம், கெட்டி அட்டை, வண்ணம், தொடர்ந்து வரும் ஒரு வீரன் என்பதே பெரும்பதிப்பகங்கள் ஏற்ற வடிவம். இவ்வார்ப்புக்குள் அடங்காதவர்களுக்குப் புகலிடமாய் இருந்த ‘ஃபியூச்சுரோபொலிஸ்’ பதிப்பகம் பெரிய நிறுவனமொன்றின் கைக்கு மாறிய சூழலில், 1990 இல் பாரிஸில் ஏழு ஓவியர்கள் சேர்ந்து ‘லசோசியாசியோன்’ என்பதை நிறுவினர். ஜோன் கிறிஸ்தொப் மெனு, லூயிஸ் ட்ரொண்டைம், டாவிட் பி. ஆகியோர் அவர்களுட் குறிப்பிடத்தக்கோர். பெயரின் பொருளே ‘சங்கம்’ என்பது. சட்டத்தின் பார்வையிலும் அது 1901 ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கமேயன்றிக் கம்பனி அன்று. சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் அதற்கு ஆதாரமாய் இருந்தனர்.

இச்சங்கத்தின் வெளியீடுகளைக் கையில் எடுத்தவுடனேயே அதன் கொள்கை விளங்கும். மெல்லட்டை, கறுப்பு வெள்ளை, ஒன்றுக்கொன்று வேறுபட்ட அளவுகள். கதைக்கு ஏற்ப நூலின் பருமன் அமைந்தது. தம் குடும்பத்தையும் தமையனின் வலிப்பு நோயையும் பற்றி டாவிட் பி. வரைந்த ஆறு பாகங்கள் 1996 முதல் 2003 வரை வெளிவந்தன. நாற்பத்தெட்டு வண்ணப் பக்கங்கள் என்ற வார்ப்பு இக்கதையைத் தாங்கியிராது. 1992 இல் ‘ஊபாபோ’ என்னும் ஆய்வுக்குழு இவர்களால் அமைக்கப்பட்டது. எழுத்தாளரின் ‘ஊலிப்போ’ குழுவைப் பின்பற்றி, வேண்டுமென்றே விதிகளை வகுத்துக்கொண்டு அவற்றினுள் நின்று வரைந்து பார்ப்பதே அதன் நோக்கம். மேலிருந்து சுமத்தப்பட்ட வார்ப்பை உதறியவர்கள், தாமே கூடி வகுத்த கட்டுப்பாட்டை விரும்பி ஏற்றனர். சுயாதீனம் என்பது விதியின்மை என்று கருதுவோர்க்கு இது தக்க விடை.

இக்கூட்டுழைப்பின் உச்சமாக 2000 ஆம் ஆண்டை முன்னிட்டு வெளிவந்த ‘கொமிக்ஸ் 2000’ எனும் பெருந்தொகுப்பைக் கூறலாம். 2000 பக்கங்கள், 29 நாடுகள், 324 ஓவியர்கள். ஒரு சொல்கூட இல்லாத கதைகள். மொழி கூடியிருப்பதற்குத் தடையாதலின் மொழியையே விலக்கிவைத்தனர். தமிழ் வாசகரும் இச்சங்கத்தின் பயனை அறியாமலே துய்த்துள்ளனர். தமிழிலும் நூலுருப் பெற்ற மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபொலிஸ்’ மூலத்தில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக இச்சங்கத்தினாலேயே வெளியிடப்பட்டது. பாரிஸிலே இவ்வோவியர்கள் கூடி வரைந்த பணியறையில்தான் சத்ரபி இக்கலையைப் பயின்றார். முதற்பாகத்துக்கு முன்னுரை எழுதியவர் டாவிட் பி. ஈரானியப் பெண்ணொருத்தியின் தனிக்குரல் என உலகெங்கும் போற்றப்படும் இந்நூல், பலர் இருந்த ஓர் அறையிலிருந்து புறப்பட்டது என்பதை மறத்தலாகாது.

அமைப்பும் உருவமும்

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். கூட்டுக்களத்தின் அமைப்பு ஆக்கத்தின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் தீண்டாமல் விடுவதில்லை. மண்டபத்தில் விற்கப்படும் வெளியீடு மெல்லியதாய், ஒரே அமர்வில் படிக்கத்தக்கதாய், வாங்குவோர் முன்பே அறிந்த கதையுலகைச் சுட்டுவதாய் அமைகிறது. சுற்றுமுறை ஆசிரியத்துவம் குறுகிய, தன்மை இடத்தில் நின்று பேசும் ஆக்கங்களை ஊக்குகிறது. பதிப்புச் சங்கமோ நீண்ட காலம் பொறுத்திருந்து உருவாகும் பெருநூலுக்கு இடந்தருகிறது. உருவத்தை அகத்தூண்டுதலின் விளைவாக மட்டும் விளக்க முயலும் விமர்சனம் இவ்விடத்தில் தடுமாறவே செய்யும்.

இதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. 1990 இல் அமெரிக்கரான ஸ்கொட் மக்ளவுட், இருபத்துநான்கு மணித்தியாலத்தில் இருபத்துநான்கு பக்கங்களை ஒருவரே வரைந்து முடிப்பது என்னும் விதியை வகுத்தார். நண்பரொருவருக்கு விடுத்த சவாலாகத் தொடங்கிய இது, 2004 முதல் பல ஊர்களில் ஒரே நாளிற் கூடி வரையும் நிகழ்வாயிற்று. 2007 முதல் அங்குலேமிலும் ட்ரொண்டைமின் முன்முயற்சியால் நடைபெற்றது. விதிப்படி எவரும் எவருக்கும் உதவுவதில்லை. ஒவ்வொருவரும் தம் பக்கத்தைத் தாமே வரைகின்றனர். இருந்தும் அவர்கள் ஓரிடத்தில் கூடுகின்றனர். பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கிறார் என்பதே ஒருவரை விழித்திருக்கச் செய்கிறது. தனிமைக்கும் கூட்டுக்கும் இடையிலான உறவு இதனினும் எளிமையாக விளக்கப்படல் அரிது.

உழைப்பும் அதிகாரமும்

இனி, இவ்வியக்கங்களின் குறைபாடுகளை நோக்குதல் தகும். பாராட்டோடு அமையும் ஆய்வு பாதி ஆய்வே.

முதலாவது, உழைப்புப் பற்றியது. கொமிக் மார்க்கெட்டை நடத்துவதிற் பெரும்பங்கு ஆயிரக்கணக்கான தொண்டர்களின் ஊதியமற்ற உழைப்பைச் சார்ந்தது. மேசை கொள்ளும் வட்டங்களிற் பல அச்சுச் செலவையே மீட்பதில்லை. இவ்விழப்பை அவர்கள் விருப்போடு ஏற்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் 1990களின் பிற்பகுதியிலிருந்து இதே மண்டபத்தில் வணிக நிறுவனங்களுக்கும் தனியிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பெரும்பதிப்பகங்கள் புதிய திறமைகளை இத்தகைய கூடல்களிலிருந்தே பொறுக்கி எடுக்கின்றன. 1980களில் ஒரு டொஜின்ஷி வட்டமாய்த் தொடங்கி 1989 இல் வணிகச் சஞ்சிகை உலகிற் புகுந்த ‘கிளாம்ப்’ என்னும் பெண்கள் குழு இதற்குச் சான்று. அக்குழு கூட்டுப்படைப்பைத் தன் தொழில்முறையாகவே தொடர்ந்தமை போற்றத்தக்கது. எனினும் பயிற்சிக்கான செலவை இளைஞர்கள் தாமே ஏற்க, விளைச்சலைக் கைத்தொழில் அறுத்துக்கொள்கிறது என்ற கேள்வி எஞ்சவே செய்கிறது.

இரண்டாவது, அதிகாரம் பற்றியது. லசோசியாசியோனை நிறுவிய எழுவரும் நண்பர்கள். காலப்போக்கில் தீர்மானங்கள் மெனுவின் கையிற் குவிந்தன. 2005 ஐ அடுத்த காலத்தில் டாவிட் பி., ட்ரொண்டைம் முதலியோர் விலகினர். 2011 சனவரியில், ஊழியர் சிலரைப் பணிநீக்கும் எண்ணம் வெளியானபோது ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டு வசந்தகாலத்தில் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டு, விலகியிருந்த நிறுவனர் சிலர் மீண்டனர், மெனு வெளியேறினார். கலைஞர்களின் சுதந்திரத்துக்காகத் தோன்றிய ஓர் அமைப்பு, அங்கு சம்பளத்துக்கு வேலைசெய்தோர் கலைஞரல்லர் என்பதனால் அவர்களை மறந்திருந்தது. பொதி கட்டுவோரும் கணக்கெழுதுவோரும் அக்கூட்டுக்குள் அடங்குவரா என்ற வினா இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே கேட்கப்பட்டது. வாயிலில் நிற்கும் தொண்டரையும் ‘பங்குபற்றுவோர்’ என அழைத்த டோக்கியோ மண்டபம் இவ்வகையில் கொள்கையளவிலேனும் ஒருபடி முன்னே நிற்கிறது. ஆயின் பெயரால் சமத்துவம் வழங்குவது ஊதியம் வழங்குவதாகாது என்பதும் கூடவே சொல்லப்படல் வேண்டும்.

மூன்றாவது, நுழைவு பற்றியது. சங்கத்தை நிறுவிய எழுவருள் ஒருவரேனும் பெண்ணல்லர். 2016 இல் அங்குலேம் விழாவின் உயர்விருதுக்கு முன்மொழியப்பட்ட முப்பது பெயர்களுள் பெண் பெயர் ஒன்றும் இல்லாததைக் கண்டித்துப் பெண் படைப்பாளிகளின் கூட்டமைப்பு எதிர்ப்புக் குரல் எழுப்பியது. முன்மொழியப்பட்ட ஆடவர் பலரும் தம் பெயர்களை விலக்கிக்கொண்டனர். சான் பிரான்சிஸ்கோவில் 1972 இல் எழுந்த அதே வினா நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் திரும்ப எழுந்தது. நண்பர்களாற் கட்டப்படும் களம் நண்பர்களுக்கே உரியதாய்ச் சுருங்கும் இயல்புடையது. அவ்வியல்பை எதிர்க்க நல்லெண்ணம் போதாது. குலுக்குச் சீட்டு, சுற்றுமுறைப் பொறுப்பு என்பன போன்ற வெளிப்படையான விதிகள் தேவை.

புறத்தே இருந்து வரும் நெருக்கடிகளும் உண்டு. 1973 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஆபாசம் பற்றி வழங்கிய தீர்ப்பை அடுத்துத் தலைமறைவு இதழ்களை விற்ற கடைகள் அஞ்சிப் பின்வாங்கின. 1991 இல் யப்பானில் இதேபோன்ற குற்றச்சாட்டுகள் எழுந்தபோது கொமிக் மார்க்கெட் தான் அப்போது கூடிவந்த மண்டபத்தை இழந்து ஹருமிக்கு மீள நேர்ந்தது. 2020 இல் கொள்ளைநோயினால் அதன் வரலாற்றில் முதன்முறையாகக் கூடல் நிறுத்தப்பட்டது. 2021 டிசெம்பரில் மட்டுப்படுத்திய எண்ணிக்கையோடு மீண்டும் கூடிற்று. இடைப்பட்ட காலத்தில், இக்கூடலின் நாட்காட்டியை நம்பியே இயங்கிய சிற்றச்சகங்கள் திணறின. ஒரு மண்டபம் மூடப்பட்டபோதுதான் அம்மண்டபம் எத்தனை பேரின் தொழிலைத் தாங்கி நின்றது என்பது வெளிப்பட்டது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, சுயாதீனம் என்பது ஒருவர் தனித்து நிற்பதனால் கிட்டும் நிலை எனக் கொள்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. தனியே வரையத் துணிந்தவர்கள், அச்சிடவும் விற்கவும் படிக்கப்படவும் வேண்டி ஒன்றுகூடினர். அவ்வாறு கூடியபோது அவர்களது சுயாதீனத்தின் அளவை நிர்ணயித்தவை அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட உறவுகளே. முடிவெடுக்கும் உரிமை சுழன்ற இடத்தில் புதிய பொருள்கள் பிறந்தன. நுழைவு எல்லோருக்கும் திறந்த இடத்தில் வாசகர்கள் படைப்பாளிகளாயினர். பொறுமையோடு நூல்களைத் தாங்கிய இடத்தில் பெருநூல்கள் எழுந்தன. இம்மூன்று நன்மைகளும் ஒருங்கே அமைந்த களம் இம்மூன்று நகரங்களில் ஒன்றிலேனும் தோன்றவில்லை. அதற்கான பிரதான காரணம், உழைப்பின் சுமையைப் பகிர்வது எவ்வாறு என்ற வினாவுக்கு இவற்றுள் எதுவும் முழுமையான விடை காணாமையே.

விமர்சகர்களுக்கு இதில் ஒரு பங்குண்டு. ஒரு மாநாடு விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள மறுத்ததன் விளைவாகவே டோக்கியோ மண்டபம் பிறந்தது. அதைப் பிறப்பித்தவர்கள் தம் விமர்சனத்தைத் தாளில் எழுதியதோடு நிற்கவில்லை. பிறர் வரைந்ததை விரித்து வைக்க முப்பத்திரண்டு வட்டங்களுக்கு மேசை போட்டனர். படைப்பின் தரத்தை ஆராயும் விமர்சனம், அப்படைப்பு வெளிவருவதற்கான களத்தை ஆராய்வதையும் தன் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கொள்ளாத வரை, மேசை கிடைக்காதவர்களின் ஆக்கங்களைப் பற்றி அவ்விமர்சனம் ஒருபோதும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஏனெனில் அவை அதன் கைக்கே வரப்போவதில்லை.